குறையோடு வாசிக்கலாம்

ஓய்வெடுத்தால் சோம்பல் சேரும், குறையை ஏற்றால் வளர்ச்சி நின்றுவிடும் என்பார்கள். ஆனால் இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். முப்பது வயதைத் தாண்டியே எழுத வந்தார். இலக்கணச் சுத்தம் பார்க்காமல் கரிசல் வட்டாரப் பேச்சிலேயே எழுதி 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். குறையைத் திருத்திவிட்டுத்தான் தொடங்குவேன் என்றிருந்தால் அந்த எழுத்து நமக்குக் கிடைத்திருக்காது. ஓய்வும் அப்படித்தான். மானாவாரிக் கரிசல் நிலமும் கோடையில் தரிசாகக் கிடந்துதான் ஐப்பசி மழைக்கு விதை வாங்குகிறது. அதை எந்தச் சம்சாரியும் சோம்பல் என்பதில்லை.

ஆகவே, வாசிப்பையும் குறையோடும் ஓய்வாகவும் தொடங்கலாம். இரவில் செல்போனைத் தள்ளிவைத்து இருபது நிமிடம் வாசியுங்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடலாம், புரியாத பக்கத்தைத் தாண்டலாம். தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வருபவருக்கு நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானதே. அவருக்கு முதலில் வேண்டியது தூக்கம், வாசிப்பை விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளலாம். மனச்சோர்வு இரண்டு வாரம் விடாமல் நீடித்தால் ஓய்வு மட்டும் போதாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.