நொடிக்கு 18 உதறல்

வேகத்தில் கார் உதறுகிறது என்று யாரிடம் சொன்னாலும் "வீல் பேலன்ஸிங் பண்ணுங்க" என்பார்கள். பாதி நேரம் அது சரியாகவும் இருந்துவிடும். மீதிப் பாதியில்தான் பணம் கரையும். முதலில் பேலன்ஸிங், அடுத்து அலைன்மென்ட், அடுத்து புது டயர், அடுத்து புஷ்கள், கடைசியில் காரையே தள்ளிவிடலாமா என்ற யோசனை. அலைன்மென்ட் கெட்டால் டயர் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அது மட்டுமே ஸ்டியரிங்கை உதற வைத்து நான் பார்த்ததில்லை.

என்னிடம் இருப்பது 90களின் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர் எஞ்சின். இரண்டே இருக்கை, திறந்த கூரை, ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை. ஸ்டுட்கார்ட் பக்கம் வசிப்பதால் ஏ81 நெடுஞ்சாலை எனக்குச் சோதனைக்கூடம். ஜிங்கன் நோக்கித் தெற்கே போகும் வழியில் வேக வரம்பே இல்லாத நீண்ட பகுதிகள் உண்டு. வரம்பில்லாத இடங்களில் ஜெர்மன் அரசு பரிந்துரைக்கும் வேகம் மணிக்கு 130 கி.மீ. என் கார் 115இல் உதறத் தொடங்கி 130 வரை விடாது. 145ஐத் தாண்டினால் அடங்கிவிடும். விற்றவர் இதைக் குறையாகவே நினைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் வேகமாகப் போங்கள், தெரியாது" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. ரிம்மின் ஓரத்தில், நடுவிலிருந்து 19 செ.மீ. தள்ளி, 30 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். 60 கி.மீ. வேகத்தில் அது அச்சைச் சுமார் 2 கிலோ எடைக்கு நிகராக இழுக்கும். 120இல் கிட்டத்தட்ட 8 கிலோ, 160இல் 14 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஆக 145இல் விசை குறைந்துவிடவில்லை, கூடித்தான் இருக்கிறது. சஸ்பென்ஷனுக்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் உடலுக்கும் தங்களுக்கென்று ஓர் ஆடும் வேகம் உண்டு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் சக்கரம் அந்த வேகத்தில் தட்டும்போது ஆட்டம் பெருகுகிறது, தாண்டிவிட்டால் கை உணர்வது குறைகிறது. கூரை இல்லாத கார்களுக்கு உடல் விறைப்பு குறைவு என்பதால் அவை இதில் சீக்கிரம் மாட்டும். உதறல் அடங்கிய வேகத்தில் பேரிங்கும் புஷ்ஷும் இன்னும் அதிகமாகத்தான் அடி வாங்குகின்றன.

எந்தப் பாகம் என்று யோசிக்கும் முன் நொடிக்கு எத்தனை முறை என்று கணக்குப் போடுவது என் வழக்கம். காரில் சுழலும் பொருள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. என் டயரின் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். கி.மீ. வேகத்தை 6.5ஆல் வகுத்தால் சக்கரம் நொடிக்குச் சுற்றும் எண்ணிக்கை வந்துவிடும். 120இல் அது ஏறத்தாழ 18. டிஃபரன்ஷியல் விகிதம் 4.1 என்பதால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதே வேகத்தில் நொடிக்கு 76 சுற்று. ஐந்தாம் கியரின் விகிதம் 0.814, ஆகவே எஞ்சின் சுமார் 62 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 3,700. இந்த மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று வெகுதூரம். 18 என்பது கை உணரும் உதறல், ஸ்டியரிங் வட்டம் கண்ணெதிரே ஆடும். 76 என்பது ரீங்காரம், பின்கண்ணாடியில் வரும் லாரியின் எண் மங்கிப்போகும், முதுகு கூசும். இரண்டையும் 'வைப்ரேஷன்' என்ற ஒரே சொல்லில் அடக்கிப் பட்டறையில் சொன்னால் மெக்கானிக் என்ன செய்வார் பாவம்.

பிரித்தறிய ஸ்பேனர் தேவையில்லை. காலியான சாலையில், பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, உதறும் வேகத்தில் கிளட்சை அழுத்தி நியூட்ரலுக்கு வாருங்கள். எஞ்சினை மட்டும் அணைக்காதீர்கள். பிரேக்கின் உதவி போகும், சாவியை அதிகம் திருப்பினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். எஞ்சின் வேகம் ஐட்லிங்குக்கு இறங்கியும் உதறல் அப்படியே இருந்தால், காரணம் சாலை வேகத்தோடு சுழலும் ஏதோ ஒன்று. அடுத்து, அதே 120ஐ ஐந்தாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். நான்காம் கியரை இந்தச் சோதனைக்கு நான் எடுப்பதில்லை. இந்தக் காரில் அது நேர் விகிதம், எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுழலும், யார் குற்றவாளி என்று தெரியாது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வந்து விட்டால் போகிறது என்றால் பின் அச்சுத் தண்டுகளின் ஜாயின்டைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க். வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை, ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே துருவோ, சமமில்லாமல் முறுக்கிய நட்டுகளோ, தடிமன் இடத்துக்கு இடம் மாறியதோதான் காரணமாக இருக்கும்.

கைபேசியும் நல்ல கருவி. ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் அதிர்வின் அலைவரிசையை வரைபடமாகப் பார்க்கலாம். கைபேசியை டாஷ்போர்டு பிடிப்பானில் மாட்டாதீர்கள், பிடிப்பான் தன் ஆட்டத்தையும் சேர்த்துக் காட்டும். இருக்கையின் தண்டவாளத்தில் இறுக்கி ஒட்டிவிட்டு, பார்க்கும் வேலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் விடுங்கள். ஒரு பொறி இதில் உண்டு. சில கைபேசிகள் நொடிக்கு 100 முறைதான் அளக்கும். அப்படியானால் 50க்கு மேற்பட்ட அதிர்வை அவற்றால் சரியாகக் காட்ட முடியாது. 76இல் ஆடும் ஷாஃப்ட் திரையில் 24ஆகத் தோன்றும், சக்கரத்தின் மேல் பழி விழும். வேகத்தைச் சற்றே கூட்டிப் பார்த்தால் குட்டு உடையும். உண்மையான முகடு வேகத்தோடு மேலே நகரும், போலி முகடு கீழே இறங்கும்.

என் காரில் 18இல் ஒரு பெரிய முகடு, நியூட்ரலிலும் மாறவில்லை. சக்கரம்தான் என்று முடிவாயிற்று. ஆனால் எந்தச் சக்கரம்? நான்கும் ஒரே அளவு என்பதால் முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றிப் போட்டேன். சுழலும் திசை குறித்த டயர் என்றால் அந்தந்தப் பக்கத்திலேயே மாற்ற வேண்டும். பின்சக்கரம் பெரிதாக உள்ள கார்களில் இந்த வழி கிடையாது. மாற்றியதும் ஸ்டியரிங் ஆட்டம் குறைந்தது, இருக்கையில் ஏறியது. இந்தக் காரில் ஓட்டுநர் கிட்டத்தட்ட பின் அச்சுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறார், பின்சக்கரம் தட்டினால் இடுப்பில் தெரியும். ஆக முதலில் முன்னால் இருந்த இரண்டில் கோளாறு.

ஒன்றல்ல, இரண்டிலுமே என்பதற்கு வேறொரு தடயம் இருந்தது. நேர்சாலையில் உதறல் கூடிக் குறைந்து கூடிக் குறைந்து வந்தது. நீண்ட வளைவு ஒன்று முடிந்ததும் அதன் போக்கே மாறியிருக்கும். இரண்டு சக்கரங்களும் தனித்தனியே தட்டினால், ஒரு கணம் தட்டுகள் சேர்ந்து விழும், பிறகு எதிரெதிராகி ஒன்றையொன்று அழிக்கும். சுற்றளவில் ஆயிரத்தில் மூன்று பங்கு வித்தியாசம் போதும், சுமார் 18 நொடிக்கு ஒருமுறை இந்தக் கூடலும் பிரிதலும் நடக்கும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் உருள்வதால் இணைவின் கணக்கு மாறிவிடுகிறது. "எப்பவாவதுதான் வருது, பட்டறைக்குக் கொண்டுபோனா வரமாட்டேங்குது" என்று புலம்பும் பலருடைய கதை இதுதான் என்பது என் எண்ணம்.

வண்டி வாங்கியபோது வந்த ரசீதுகளில் பேலன்ஸிங்குக்கே பல முறை பணம் கட்டியிருந்தது. எல்லாம் சுழியம் என்று இயந்திரம் காட்டிய தாள்களோடு. இந்தப் புதிரை அவிழ்த்தவர் டயர் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர், 80களில் இங்கே வந்தவர். தாள்களைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, உந்த மிஷின் பொய் சொல்லேல்லை. அது தன்ர ஷாஃப்டில வச்சுப் பாக்குது. உங்கட காரில வீல் எதில நிக்குது எண்டு அதுக்குத் தெரியாது."

"புரியலைண்ணே."

"கழட்டுங்கோ, காட்டுறன்."

காட்டினார். மாஸ்டாவின் ஹப் விட்டம் 54.1 மி.மீ. காரில் இருந்ததோ வெளியே வாங்கிப் போட்ட 15 அங்குல ரிம், பல கார்களுக்கும் பொருந்தும்படி நடு ஓட்டையைப் பெரிதாக விட்டது. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் வேண்டும். முன்சக்கரம் ஒன்றில் வளையமே இல்லை, இன்னொன்றில் பிளாஸ்டிக் வளையம் உருகிக் கோணியிருந்தது. கூம்பு நட்டுகள் தாமாகவே மையப்படுத்திவிடும் என்று வாதிடுபவர்கள் உண்டு. ரிம்மைத் தொங்கவிட்டு, கையால் எதிரெதிராக முறுக்கினால் ஓரளவு உண்மை. காற்றுத் துப்பாக்கியால் ஒரு பக்கமாக அடித்து இறுக்கினால் சக்கரம் அரை மி.மீ. நகர்ந்தபடியே உட்கார்ந்துவிடும். அலுமினிய வளையங்கள் வாங்கினேன். ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் துருபோகத் தேய்த்தோம். இரண்டு கட்டமாக முறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சில் 110 நியூட்டன் மீட்டர். மாஸ்டா சொல்வது 88 முதல் 118 வரை.

அவரிடம் கற்ற இன்னொன்றை எந்தக் கடையிலும் கேட்டுச் செய்யச் சொல்கிறேன். பேலன்ஸ் முடிந்து சுழியம் காட்டியபின், சக்கரத்தைத் தளர்த்தி, இயந்திரத்தின் அச்சில் அரைச் சுற்றுத் திருப்பி மாட்டி மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். மறுபடியும் சுழியம் அல்லது அதற்குப் பக்கத்தில் வர வேண்டும். 10, 15 கிராம் காட்டினால் சக்கரம் இயந்திரத்திலேயே நடுவில் இல்லை, முந்தைய அளவுக்கு அர்த்தமும் இல்லை. பல இயந்திரங்கள் 5 கிராமுக்குக் கீழே இருப்பதைச் சுழியம் என்றே காட்டும். நுண்ணளவு காட்டும் பொத்தான் ஒன்று இருக்கும், இலேசான காருக்கு அதை அழுத்தச் சொல்வதில் தப்பில்லை. கடைக்காரர் முகம் சுளித்தால் கடையை மாற்றுங்கள்.

அச்சில் சுழலும்போதே ரிம் விளிம்பையும் பாருங்கள். என் இரண்டாவது ரிம்மின் உட்பக்கம் லேசான பெண்ட், வெளியிலிருந்து தெரியாது. பெண்டு எடுத்து ஓட்டுவது பற்றி இங்கே தொழில்நுட்பப் பரிசோதகர்கள் கறாராக இருப்பார்கள். நான் பழைய ரிம் ஒன்று தேடி வாங்கினேன். எடைச் சமநிலை சரியாக இருந்தும் டயர் வட்டமாக இல்லாமலோ, ஒரு பக்கம் மட்டும் விறைப்பாகவோ இருக்கலாம். அதற்கு டயரை உருளையால் அழுத்தி அளக்கும் ஹன்டர் வகை இயந்திரம் உள்ள கடை வேண்டும். புது டயரில் சிவப்புப் புள்ளி இருந்தால் அது விறைப்பு மிகுந்த இடம், மஞ்சள் புள்ளி எடை குறைந்த இடம். மஞ்சளை வால்வுக்கு நேராக மாட்டுவது வழக்கம்.

ஸ்டியரிங் அடங்கியது. அடங்கியபிறகுதான் கீழே ஒளிந்திருந்த இன்னொன்று தெரிந்தது. 110க்கு மேல் இருக்கையில் மெல்லிய ரீங்காரம், நியூட்ரலிலும் போகவில்லை. அதிக வேகத்தில் அளக்கும் கைபேசி ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்ததில் 120இல் 76. ஷாஃப்ட் தன் எண்ணைத் தானே சொல்லிவிட்டது.

எம்எக்ஸ்-5இல் கியர்பாக்ஸுக்குத் தனியாகப் பின்தாங்கி கிடையாது. கியர்பாக்ஸின் வாலையும் டிஃபரன்ஷியலின் மூக்கையும் பவர் பிளான்ட் ஃபிரேம் என்ற நீண்ட அலுமினியச் சட்டம் இணைத்துப் பிடிக்கிறது. கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் அதைக் கழற்றியாக வேண்டும். திரும்ப மாட்டும்போது கியர்பாக்ஸை ஜாக்கியால் தாங்கி, கையேட்டில் சொன்ன உயரத்தில் வைத்துத்தான் போல்ட்டை இறுக்க வேண்டும். உயரம் தவறினால் ஷாஃப்டின் இரு முனை ஜாயின்டுகளின் கோணம் கெடும். என் ரசீதுக் கட்டில் கிளட்ச் மாற்றியதும் இருந்தது. ஏதோ ஒரு வண்டிக்கு ஏதோ ஒரு அதிர்வு என்றால் நான் முதலில் கேட்பது, கடைசியாக அடியில் யார், எதற்காகக் கை வைத்தார்கள் என்பதைத்தான். சட்டத்தின் போல்ட்டைத் தளர்த்தி, உயரத்தைச் சரிசெய்து இறுக்கியதில் ரீங்காரம் போயிற்று. பாகம் எதுவும் வாங்கவில்லை.

குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தி வைப்பவர்களுக்கு ஒரு சேதி. நவம்பரில் மூடி வைத்து ஏப்ரலில் எடுத்தால் முதல் 15, 20 கி.மீ. தடதடக்கும். நின்ற இடத்தில் டயர் தட்டையாகிப் போயிருக்கிறது, சூடானதும் பெரும்பாலும் சரியாகும். நிறுத்தும்போது 3 பார் வரை காற்றடித்து வைத்து, எடுக்கும்போது வழக்கமான அளவுக்கு இறக்கிவிடுவது என் பழக்கம். போகாவிட்டால் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள், தயாரித்த வாரமும் ஆண்டும் இருக்கும். பட்டையில் நிறைய ரப்பர் இருந்தும் வயதாகி விறைத்த டயர்கள் இப்படி அதிகம் ஓடாத விளையாட்டுக் கார்களில்தான் அகப்படும்.

கணக்கு எல்லாக் காருக்கும் ஒன்றல்ல. நண்பர் ஒருவர் போர்ஷே 944 வைத்திருக்கிறார், 1982 முதல் 1991 வரை வந்த மாடல். அதில் எஞ்சினும் கிளட்சும் முன்னே, கியர்பாக்ஸ் பின்னே. நடுவே குழாய்க்குள் ஓடும் தண்டு எஞ்சின் வேகத்தில் சுழலும், சாலை வேகத்தில் அல்ல. ஆகவே ஓடும்போது நியூட்ரலுக்கு வந்து எஞ்சின் வேகம் இறங்க அதிர்வும் இறங்கினால், குற்றவாளி எஞ்சினாகவும் இருக்கலாம், குழாய்க்குள் தண்டைத் தாங்கும் பேரிங்காகவும் இருக்கலாம். அவருக்குச் சொன்ன சோதனை இது: வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை அதிரும் வேகத்துக்கு ஏற்றி வைத்துக்கொண்டு கிளட்சை அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் தண்டு நின்றுவிடும். அதோடு அதிர்வும் நின்றால் குழாயை இறக்க வேண்டும், நிற்காவிட்டால் எஞ்சின் தாங்கிகளிலிருந்து தொடங்குங்கள்.