பாலைவனத்தில் பொன் தேடலாமா?

கேள்வி: பெர்த்தில் வசிக்கிறேன். கல்கூர்லி பக்கம் பொழுதுபோக்காகத் தங்கம் தேட ஆசை. எந்த மெட்டல் டிடெக்டர் வாங்கலாம்?

பதில்: டிடெக்டர் இருக்கட்டும், முதலில் ‘மைனர்ஸ் ரைட்’ என்ற அரசு அனுமதிச் சீட்டை வாங்குங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் அது அவசியம். பிறர் ஆய்வு உரிமம் பெற்ற நிலமானால் தனி அனுமதியும் வேண்டும். இடம் என்று கேட்டால், 1893இல் பேடி ஹானன் என்பவர் அங்கே பொன் கண்ட காலத்திலிருந்து கிளறப்பட்ட பழைய இடங்களையே சொல்வேன். ‘அங்கேதான் எல்லாம் சுரண்டியாகிவிட்டதே!’ என்பீர்கள். ஆனால் அன்று அங்கே தண்ணீருக்குப் பெரும் பஞ்சம். குழாய் நீர் வந்ததே 1903இல்தான். அதனால் மண்ணை நீரில் அலசாமல் காற்றில் தூற்றிப் பொன்னைப் பிரித்தார்கள். தண்ணீரைவிட 19 மடங்கு கனமான பொன்னும் களிமண் கட்டிக்குள் இருந்தால் அந்த முறைக்குத் தப்பிவிடும்; தோண்டாத இடத்தில் ஓரடி ஆழத்தில் கிடந்தது அவர்கள் கண்ணில் படவே இல்லை. அதைத்தான் கருவி காட்டுகிறது. துருப்பிடித்த ஆணிக்கும் அது கத்தும் என்பது வேறு சங்கதி! செலவுக்குக் கட்டுமா என்றால், பெரும்பாலும் கட்டாது. அதனால் முதல் முறை கருவியை வாடகைக்கு எடுங்கள். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மே முதல் செப்டம்பருக்குள் போங்கள். திரும்பும் நாளை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தோண்டிய குழியை மூடிவிட்டு வாருங்கள்.