காளியின் கையும் பட்டாணிச் சுரப்பியும்



டிரம்ப் கார்டு விளையாடுறவங்களுக்கு 'தி கிரேட் காளி'யைத் தெரியாமல் இருக்காது. எனக்கும் பிடித்த மல்யுத்த வீரர். இயற்பெயர் தலீப் சிங் ராணா. 1972-ல் இமாச்சலப் பிரதேசத்தில் திரைனா கிராமத்தில் பிறந்தவர். உயரம் 7 அடி 1 அங்குலம். பஞ்சாப் போலீசில் வேலை பார்த்தவர். 2006 ஏப்ரலில் டபிள்யூ.டபிள்யூ.ஈ.க்கு வந்ததும் அண்டர்டேக்கரையே அடித்துப் போட்டார். 2007 ஜூலையில் 20 பேர் மோதிய போட்டியில் ஜெயித்து உலக ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார்.

அவருடைய மூன்று பிடிகள்:

1. சாப் – விரித்த கையால் உச்சந்தலையில் ஒரே வெட்டு.
2. வைஸ் கிரிப் – பட்டறையில் வைஸ் இரும்பை இறுக்குவது போல இரண்டு கையாலும் தலையை நெருக்குவது.
3. பஞ்சாபி பிளஞ்ச் – கழுத்தை இரு கையால் பிடித்துத் தூக்கிக் கீழே போடுவது.

கவனிச்சீங்களா? எதிலும் ஓட வேண்டாம், தாவ வேண்டாம். உயரமும் பெரிய கையுமே போதும். கத்துவது, முறைப்பது எல்லாம் வேஷம். யார் ஜெயிப்பது என்பதும் முன்பே முடிவானது. ஆனால் விழுவது நிஜம். தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுதும் படும்படி விழுவார்கள். பரப்பு கூடினால் அழுத்தம் குறையும், நாம் படித்ததுதான். மேடையில் பலகை மேல் மெத்தையும் உண்டு. நம்ம கிரவுண்டில் அது இல்லை. இன்டர்வெலில் யாரும் செய்து பார்க்காதீங்க!

நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் படித்தபோது எனக்குக் காளிதான் ஞாபகம் வந்தார். மூளைக்குக் கீழே பட்டாணி அளவில் இருப்பது பிட்யூட்டரி. அதில் கட்டி வந்தால் வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கலாம். சின்ன வயதில் என்றால் உயரம் எக்கச்சக்கமாகக் கூடும். பெரியவர்களுக்குக் கை, கால், தாடை பெரிதாகும். காளிக்கு அந்தச் சுரப்பியில் இருந்த கட்டிக்கு 2012-ல் அமெரிக்காவில் ஆபரேஷன் நடந்தது.

அப்படியென்றால் டி.வி.யில் 'ராட்சசன்' என்று காட்டிய அந்தக் கையும் தாடையும் ஒரு நோயின் அடையாளம். அதை வைத்தே உழைத்து, 2021-ல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவமும் பெற்றார். வேஷத்தை மேடையோடு கழற்றி வைக்க அவருக்குத் தெரியும். ஆனால் 'நெட்டக்கொக்கு', 'குள்ளக்கத்தரிக்கா' என்று நாம் ஒட்டும் பெயரை ஒரு பையனால் கழற்ற முடியாது. அவன் உடம்புக்குள் எந்தச் சுரப்பி என்ன செய்கிறதோ, யாருக்குத் தெரியும்?

பட்டப்பெயர் வைக்கும் முன் பட்டாணியை நினைப்போம்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன், வீரபாண்டி