சொல்லற்ற நகை: ஓவியர் எரிக் ஓசர்

நகை தோன்றும் நிலைக்களன்களுள் எள்ளலையும் இளமையையும் வைத்து எண்ணுகிறார் தொல்காப்பியர். இவ்விரண்டையும் கோட்டோவியத்தில் ஆண்ட ஜெர்மானியக் கேலிச்சித்திரக்காரர் எரிக் ஓசரின் வாழ்வையும் பணியையும் ஈண்டு நோக்குவோம்.

ஓசர் 1903 மார்ச் 18ஆம் நாள் பிறந்து, பிளாவன் நகரில் வளர்ந்தார். முதலில் இரும்புவேலை பயின்ற அவர், பின்னர் லைப்சிக் கலைக்கழகத்தில் ஓவியம் கற்றார். எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னரும் இதழாளர் எரிக் குனாஃபும் அவர்தம் உற்ற நண்பராயினர்; மூவர் பெயரும் எரிக் என்பது சுவையான ஒற்றுமை. கெஸ்ட்னரின் கவிதை நூல்களுக்கு ஓசரே படம் வரைந்தார்.

சமூக ஜனநாயகக் கட்சியின் 'ஃபோர்வெர்ட்ஸ்' இதழில் அவர் ஹிட்லரையும் கோயபல்ஸையும் எள்ளி வரைந்தார். நாஜிகள் 1933இல் ஆட்சிக்கு வந்தபின் அதற்குரிய தண்டம் வந்தது. 1934இல் தொழில் உரிமை மறுக்கப்பட்டது. எனவே, அரசியல் கலவாத படங்களை, பெயரின் முதலெழுத்துகளோடு ஊர்ப்பெயரையும் சேர்த்து, 'இ.ஓ.பிளாவன்' என்னும் புனைபெயரில் வெளியிடலானார்.

1934 டிசம்பர் முதல் 1937 டிசம்பர் வரை பெர்லின் வார இதழொன்றில் வெளிவந்த 'அப்பாவும் மகனும்' தொடர் இவ்வாறு பிறந்ததே. வழுக்கைத் தலையும் அடர்ந்த மீசையும் உடைய தந்தை, பரட்டைத் தலைச் சிறுவன், உரையாடல் இல்லை. ஒரு படத்தில், புத்தகத்தில் ஆழ்ந்த மகனை உணவுக்கு அழைக்கத் தந்தை செல்கிறார். மகன் வந்துவிடுகிறான், தந்தையைக் காணோம். தேடிச் சென்றால், அதே புத்தகத்தில் அவர் மூழ்கிக் கிடக்கிறார்! கீழ்ப்படிதலையே அறமெனப் போதித்த ஆட்சியில், மகனோடு தானும் குழந்தையாகும் தந்தையை வரைந்தமை எண்ணத்தக்கது.

எனினும் 1940 முதல், கோயபல்ஸ் தலையங்கம் எழுதிய 'தாஸ் ரைக்' இதழுக்கு ஓசர் பகைநாடுகளை இகழ்ந்து வரைந்தார். இதனை மறைத்து அவரைப் போற்றுதல் ஆய்வு நேர்மையன்று. ஆயின் அவர் உள்ளம் மாறியதில்லை. தனிமையில் ஆட்சியாளரைப் பழித்துப் பேசியதை ஒருவர் காட்டிக்கொடுக்க, 1944 மார்ச் 28இல் ஓசரும் குனாஃபும் கைதாயினர். விசாரணைக்கு முன்பே, ஏப்ரல் மாதத்தில், ஓசர் சிறையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நண்பரைக் காக்கும் பொருட்டுக் குற்றம் முழுவதையும் தம்மேல் ஏற்று எழுதிவைத்தார். அது பயன்படவில்லை, மே 2இல் குனாஃப் கொல்லப்பட்டார்.

அச்சத்திற்குப் பணிந்த கையும் நண்பனுக்காகப் பழி சுமந்த கையும் ஒன்றே. ஒரு கலைஞரை மதிப்பிடப் புகும் மாணவர் இவ்விரண்டையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.