எண்ணும் பொருளும்: பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் இரு ஆய்வு நெறிகள்

ஆய்வு என்றவுடன் அட்டவணையும் விழுக்காடுமே நம் மாணவர் பலருக்கு நினைவில் எழுகின்றன. சமூகத்தையும் இயற்கையைப் போல அளந்து விதி காண இயலும் என்பது நேர்க்காட்சிவாத நெறி. பிரெஞ்சு அறிஞர் கோம்த் 19ஆம் நூற்றாண்டில் இதற்கு வடிவம் தந்தார். மனிதர் தம் செயலில் காணும் பொருளை அறியாமல் அச்செயலை விளக்க இயலாது என்பது பொருள்கோள் நெறி. செருமானிய அறிஞர் மாக்ஸ் வெபர் இதற்கு வலுவூட்டினார். இரண்டையும் உணர்த்தக் கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடைப்பட்ட பரங்கிப்பேட்டைக் கடற்கரையே போதும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தைச் சார்ந்த கதிரேசன், இராஜேந்திரன் என்பாருடன் இணைந்து 18 குப்பங்களை ஆராய்ந்தார். கடலிலிருந்து தொலைவு, நில உயரம், தாவரப் பரப்பு ஆகியவற்றை உயிரிழப்போடு ஒப்பிட்டு, அலையாத்திக் காடு இழப்பைக் குறைத்தது என 2005இல் வெளியிட்டனர். (சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் தந்த மரமும் இக்காட்டினத்ததே.) மறு ஆண்டே கெர், பேர்ட், கேம்பல் ஆகியோர் அதே தரவுகளை மீண்டும் கணக்கிட்டனர். தொலைவும் உயரமும் ஒத்த குப்பங்களிடையே தாவரப் பரப்பால் உயிரிழப்பு குறையவில்லை என மறுத்தனர்.

தரவு ஒன்றே, முடிவுகள் இரண்டு. இதனை அந்நெறியின் தோல்வி என்று எள்ளுவாரும் உளர்; நான் அவ்வாறு கருதவில்லை. பிறர் சரிபார்த்து மறுக்க இடந்தருவதே அதன் வலிமை. காட்டை நம்பிக் கரையோரம் குடியிருக்கலாமா என்னும் வினாவுக்கு இத்தகைய கணக்கே வேண்டும்.

காடே தம்மைக் காத்தது என ஒரு மீனவர் கூறின், கணக்கர் அதனைச் சோதிக்க வேண்டிய கருதுகோளாகக் கொள்வார். பொருள்கோள் ஆய்வாளரோ, அந்நம்பிக்கை காட்டின்பால் அவர் நடந்துகொள்ளும் முறையை எங்ஙனம் மாற்றுகிறது என்று கேட்பார்.

அப்பேரிடரில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தினர் வீடிழந்த இந்து மீனவர்களுக்கு உணவும் தங்க இடமும் அளித்தனர். எத்தனை பேருக்கு, எத்தனை நாள் என்பதை அட்டவணை கூறும். அதனை அவர்கள் அண்டை வீட்டாரின் ஹக் எனக் கருதினரா, தலைமுறைத் தொழிலுறவின் கடனாகவா, அல்லது சிந்திக்க நேரமின்றிச் செய்த செயலா என்பதை அமர்ந்து கேட்டாலன்றி அறிய இயலாது. கேட்கும் இடத்திலும் விழிப்பு வேண்டும். கொடுத்தவர் கூற்றை மட்டும் பதிந்தால் அது புகழ்மாலையாகிவிடும். குப்பங்களுக்குச் சென்று, வாங்கி உண்டவர் அதனை எவ்வாறு நினைவுகூர்கின்றனர் என்பதையும் அவர்தம் சொல்லிலேயே எழுதிவர வேண்டும்.