எந்தக் கிளட்ச் போடலாம்?

கோயம்புத்தூரில் ஒரு பட்டறை. அங்கே இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று பந்தயக் கார். இன்னொன்று சரக்கு வேன். இரண்டுக்கும் கிளட்ச் மாற்ற வேண்டும்.

வேன் ஓட்டுநர் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு மளிகைச் சரக்கு ஏற்றிப் போகிறவர். வேன் கடனில் வாங்கியது. ஒரே வருடத்தில் இரண்டு முறை கிளட்ச் பிளேட் கருகிவிட்டது. வண்டி பட்டறையில் நின்றால் வருமானம் நின்று போகும். தவணை நிற்காது.

பந்தயக் காருக்கு வந்த புதுக் கிளட்சை அவர் பார்த்தார்.

“அண்ணா, இதே மாதிரி எனக்கும் போட்டு விடுங்க. காசு கூட ஆனாலும் பரவாயில்லை. இனிமேல் கருகக் கூடாது” என்றார்.

“பொறுங்க தம்பி. முதல்ல இது என்ன வேலை செய்யுதுன்னு பார்ப்போம்” என்றார் மெக்கானிக்.

நாமும் பார்ப்போம். உங்கள் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடு ஒன்று அழுத்துங்கள். ஒரு கையை நகர்த்துங்கள். மற்றக் கையும் கூடவே வரும். இப்போது அழுத்தத்தைக் குறையுங்கள். ஒரு கை மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். கிளட்ச் வேலை செய்வதும் இப்படித்தான்.

எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம் ஒன்று உண்டு. அது ஃபிளைவீல். அதன் மேல் கிளட்ச் பிளேட் ஒட்டி நிற்கும். அதைப் பிரஷர் பிளேட் ஸ்பிரிங் பலத்தால் அழுத்திப் பிடிக்கும். மூன்றும் சேர்ந்து சுற்றினால் எஞ்சின் பலம் கியர்பாக்ஸுக்குப் போகும். நாம் பெடலை மிதித்தால் பிடி விடும். அப்போது கியர் மாற்றலாம்.

பந்தயக் காரில் எஞ்சின் பலத்தைக் கூட்டியிருப்பார்கள். அந்தப் பலத்தைப் பழைய கிளட்ச் பிடிக்க முடியாமல் வழுக்கும். அதனால் பிடியைக் கூட்ட வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் பலத்தைக் கூட்டலாம். இடம் இருந்தால் அகலமான பிளேட் போடலாம். அல்லது பிளேட்டில் ஒட்டியிருக்கும் உராயும் பட்டையை மாற்றலாம். செராமிக் துண்டுகள் பதித்த பிளேட் அதிகச் சூட்டைத் தாங்கும்.

(கோயம்புத்தூருக்குப் பந்தயக் கார் புதிதல்ல. இவ்வூரின் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்துப் பந்தயக் கார்கள் செய்தவர். 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த பந்தயப் பாதைக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.)

“அப்போ எனக்கும் அது நல்லதுதானே?” என்று ஓட்டுநர் கேட்டார்.

“இந்த பெடலை மிதிச்சுப் பாருங்க” என்றார் மெக்கானிக். அந்தப் பட்டறையில் ஏற்கெனவே பலமான கிளட்ச் போட்ட கார் ஒன்று இருந்தது. ஓட்டுநர் மிதித்தார். பெடல் கல் போல் இருந்தது.

“நாள் முழுக்க இதை மிதிச்சா முழங்கால் என்ன ஆகும்? செராமிக் பிளேட் வெடுக்குன்னு பிடிக்கும். வண்டி குதிச்சுக்கிட்டு கிளம்பும். கொண்டை ஊசி வளைவுல பாரத்தோட மெல்ல எடுக்க முடியாது. அந்த அதிர்ச்சி எல்லாம் கியர்பாக்ஸுக்குப் போகும். உங்க எஞ்சின் பலம் கூடலையே தம்பி. பிறகு எதுக்கு இது?”

அப்படியானால் பிளேட் ஏன் கருகியது? அதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். காரணத்தை விட்டுவிட்டு பாகத்தை மட்டும் மாற்றினால் அதே செலவு திரும்ப வரும்.

கிளட்ச் வழுக்குவதை நாமே கண்டுகொள்ளலாம். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் கூடும். வேகம் கூடாது. கருகிய வாடை வரும். பெடலில் சிறிது தளர்ச்சி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கேபிள் இறுக்கமாக இருந்தால் பிடி முழுதாக விழாது. சில சமயம் கேபிளைச் சரி செய்தாலே போதும்.

மெக்கானிக் கழற்றிய பழைய பிளேட்டைக் காட்டினார். பட்டையில் எண்ணெய் படிந்திருந்தது. எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் கசிந்திருக்கிறது. இரண்டு முறையும் பிளேட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். சீலை யாரும் பார்க்கவில்லை.

“இன்னொன்று கேட்கிறேன். ஏற்றத்தில் வண்டி நிற்கும்போது என்ன செய்வீங்க?”

“பாதி கிளட்சிலேயே பிடிச்சு நிறுத்துவேன் அண்ணா.”

“அங்கேதான் மீதி கருகுது. ஹேண்ட் பிரேக் போடுங்க. ஓட்டும்போது பெடல் மேல காலை வைக்காதீங்க.”

பிறகு வேலை தொடங்கியது. பேட்டரி வயரைக் கழற்றினார்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, கீழே உறுதியான ஸ்டாண்டு வைத்தார்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. கியர்பாக்ஸ் கனமானது. இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள்.

உள்ளே கறுப்புத் தூசி நிறைய இருந்தது. உதவியாளர் காற்றுக் குழாயை எடுத்தார். மெக்கானிக் தடுத்துவிட்டார். பழைய கிளட்ச் பட்டைகளில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கும். பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய்கூட வரும். ஊதவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை உறையில் கட்டிப் போட வேண்டும்.

உதவியாளர் பழைய பிளேட்டில் எஞ்சின் பக்கம் இருந்த முகத்தில் சுண்ணாம்புக்கட்டியால் “எ” என்று எழுதினார். அவர் எழுதப் பழகி ஆறு மாதம்தான் ஆகிறது. புதுப் பிளேட்டைத் திருப்பிப் போட்டுவிட்டால் கிளட்ச் விடாது. கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். ஒரு நாள் வீண்.

புதுப் பெட்டியின் மேல் இருந்த எண்ணையும் அவர் படித்தார். பழைய பாகத்தின் எண்ணோடு ஒத்துப் போனது. பிளேட்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து அகலத்தைப் பார்த்தார். நடுத்துளையின் பற்களை எண்ணினார். எல்லாம் சரி.

ஃபிளைவீலில் விரிசல் இல்லை. சூட்டில் நீலம் பாய்ந்த புள்ளிகளும் இல்லை. இருந்தால் கடைசல் பட்டறைக்குப் போயிருக்க வேண்டும். புது ஆயில் சீல் போட்டார்கள். ரிலீஸ் பேரிங்கையும் மாற்றினார்கள். அதன் விலை கொஞ்சம்தான். பிறகு அது மட்டும் கெட்டால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டுமே!

கை எண்ணெயாக இருந்தால் பிளேட்டைத் தொடக் கூடாது. பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் ஒன்றை நடுத்துளையில் செருகிப் பிளேட்டை மையத்தில் நிறுத்தினார்கள். போல்ட்டுகளை எதிர் எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்கள்.

மாலையில் வேன் தயார். ஓட்டுநர் பில்லை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஆயில் சீல் என்ற வரியில் விரலை வைத்தார்.

“இவ்வளவுதானா இதன் விலை?” என்று கேட்டார்.

“அவ்வளவுதான். முதல் 500 கிலோமீட்டருக்கு வண்டியை விரட்டாதீங்க. பாரத்தைக் குறைச்சு ஏத்துங்க. புதுப் பட்டை ஃபிளைவீலோடு நல்லாப் படியட்டும்” என்றார் மெக்கானிக்.