வக்கீலிடம் போகும் முன்பும் போன பின்பும்



கணவன் மனைவி பிரிவைப் பற்றி நம் இதழில் எழுதலாமா என்று நிர்வாகக் குழுவில் இரண்டு கூட்டங்கள் பேசினோம். குடும்பத்தோடு படிக்கும் இதழில் இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். பிரிந்து நிற்கும் பெண்களும் நம் குடும்பத்துப் பிள்ளைகள்தான் என்பதால் எழுதுகிறோம். இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த விஷயத்தில் நாமும் ஒரு தவறு செய்திருக்கிறோம்.

திருவொற்றியூர் பக்கத்துச் சகோதரி ஒருவர். அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறோம். கணவர் கண்டெய்னர் டிரைலர் ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். மூன்று வருடமாக வீட்டுக்குப் பணம் தரவில்லை, வந்து பார்க்கவும் இல்லை. சகோதரி நம்மிடம் வந்தார். அந்நிஸா அத்தியாயத்தின் 35வது வசனம் சொல்கிறபடி இரு தரப்பிலும் ஒவ்வொரு பெரியவரை வைத்துப் பேசினோம். இரண்டு முறை கணவர் வந்தார், தலையாட்டினார், போனார். மூன்றாவது முறை வரவே இல்லை. அதற்கு மேல் இழுக்க வேண்டாம் என்று நினைத்து, குலா பத்திரம் தரும் ஓர் அமைப்பிடம் சகோதரியை அனுப்பி வைத்தோம். பத்திரம் கிடைத்தது. விஷயம் முடிந்தது என்று நம் பதிவேட்டிலும் எழுதிவிட்டோம்.

ஏழு மாதம் கழித்து கையில் ஒரு நோட்டீஸோடு அவர் வந்தார். மனைவி தன்னோடு சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று கணவர் குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டிருந்தார். குலா பத்திரம் செல்லாது என்றும் அதில் எழுதியிருந்தது. "பாய், நீங்கதானே இது போதும்னு சொன்னீங்க?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. ஏனென்றால் அந்த ஒரு விஷயத்தில் நோட்டீஸ் சொன்னது சரி.

2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் காஜிகள் தரும் தலாக் சான்றிதழ் பற்றி ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. வழக்கைத் தொடுத்தவர் வக்ஃப் வாரியத்தின் முன்னாள் தலைவரும் வழக்கறிஞருமான பதர் சயீத். காஜியின் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே, நீதிமன்றத்தையோ மற்றவரையோ அது கட்டுப்படுத்தாது என்றது உத்தரவு. காஜிகள் சட்டம் 1880லேயே வந்தது. காஜிக்கு நீதிபதியின் அதிகாரத்தை அந்தச் சட்டமும் தரவில்லை. அடுத்து 2023 ஜனவரியில், ஒரு ஷரீஅத் கவுன்சில் 2017ல் தந்த குலா சான்றிதழை நீதிபதி சி. சரவணன் ரத்து செய்தார். குலா கேட்பது முஸ்லிம் பெண்ணின் உரிமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு அவர் போக வேண்டிய இடம் குடும்ப நீதிமன்றம், தனியார் அமைப்புகள் திருமணம் கலைந்தது என்று சான்று தர முடியாது என்று தீர்ப்பு சொன்னது. கேரள உயர் நீதிமன்றம் 2021ல் வேறு விதமாகப் பார்த்தது. நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கும் குலாவையும் அது ஏற்றது. ஆனால் நாம் வாழ்வது தமிழ்நாட்டில். மார்க்க ரீதியில் அந்தப் பத்திரத்தின் நிலை என்ன என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். சட்டத்தின் முன் அந்தச் சகோதரி இன்னும் அவருடைய மனைவிதான்.

ஜமாஅத்துக்கு இனி வேலை இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். சேர்த்து வைக்கும் வேலை நம்முடையது, அதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. பிரித்து எழுதிக் கொடுக்கும் வேலை நம்முடையது அல்ல.

அன்றே அவரை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அழைத்துப் போனோம். 1987ஆம் ஆண்டு சட்டத்தின் 12வது பிரிவுப்படி பெண் என்றாலே இலவச வக்கீல் பெறும் தகுதி உண்டு. வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். 15100 என்ற எண்ணில் அழைத்தும் விவரம் கேட்கலாம். விம்கோ நகரிலோ திருவொற்றியூரிலோ மெட்ரோ ஏறினால் மாறாமல் உயர் நீதிமன்ற நிலையத்திலேயே இறங்கிவிடலாம். சென்னையின் குடும்ப நீதிமன்றமும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. இலவச வக்கீல் என்றால் அக்கறையாகப் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இந்தச் சகோதரிக்குக் கிடைத்த வக்கீல் அம்மா அந்தப் பேச்சைப் பொய்யாக்கினார்.

முதல் சந்திப்புக்கு சகோதரியின் அண்ணனும் போனார். கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அண்ணனே பதில் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, வெளியில ஒரு டீ சாப்பிட்டு வாங்க" என்றார் வக்கீல். அண்ணனுக்குக் கோபம். நம்மிடம் வந்து குறைபட்டுக்கொண்டார். ஆனால் அவர் வெளியே போன பிறகுதான், மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாத சில விஷயங்களைச் சகோதரி சொல்லியிருக்கிறார்.

அதைக் கேட்டபோது கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்களின் நினைவு வந்தது. கணவர் சொன்ன ஒரு சொல்லால் வாழ்க்கை அந்தரத்தில் தொங்கியபோது அவர் தம் சார்பில் யாரையும் அனுப்பவில்லை. தாமே நபி (ஸல்) அவர்களிடம் வந்து தம் வயது, பிள்ளைகளின் நிலை எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். அதே இடத்தில் இருந்த ஆயிஷா (ரலி) அவர்களுக்கே சில வார்த்தைகள் காதில் விழவில்லை என்று வருகிறது. அவ்வளவு மெல்லிய குரலில் சொன்ன முறையீட்டை அல்லாஹ் கேட்டான். 58வது அத்தியாயத்துக்கு 'முஜாதலா' என்ற பெயர் வந்ததே அவர் வாதிட்டதால்தான். துணைக்கு ஆள் போகலாம். வாய் அவரவர் வாயாக இருக்க வேண்டும்.

வக்கீலிடம் சொல்வதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். இது தெரியாமல் பலர் பாதியை மறைக்கிறார்கள். நம் சகோதரியும் ஒன்றை மறைத்தார். வீட்டில் பிளவுஸ் தைத்து மாதம் சில ஆயிரம் சம்பாதிக்கிறார். வருமானம் இருப்பதாகச் சொன்னால் ஜீவனாம்சம் கிடைக்காது என்று அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் தங்கள் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் சத்தியப் பிரமாணமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வருமானம் இல்லை என்று சகோதரி கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வாய்தாவில், அவர் வீட்டுக் கதவில் தொங்கிய 'இங்கு பிளவுஸ் தைத்துத் தரப்படும்' போர்டைப் படம் எடுத்து நீட்டினார் கணவரின் வக்கீல்.

பிரமாணப் பத்திரத்தைத் திருத்திப் போட்டு, காரணம் எழுதிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டு, ஏழு வாரம் போயிற்று. வேதனை என்னவென்றால் மறைக்கத் தேவையே இருக்கவில்லை. மனைவிக்குச் சின்ன வருமானம் இருப்பதாலேயே ஜீவனாம்சத்தை மறுத்துவிட முடியாது என்று அதே 2020 தீர்ப்பில் இருக்கிறது. "முதல் நாளே சொல்லியிருந்தா நானே எழுதியிருப்பேன்மா" என்றாராம் வக்கீல். திட்டவில்லை. கேஸைத் திருப்பித் தரவும் இல்லை.

கணவரின் வருமானத்தைக் காட்டுவது பெரிய பாடாகிவிட்டது. டிரைலர் ஓட்டுபவர்களுக்குச் சம்பளச் சீட்டு ஏது? டிரிப்புக்கு இவ்வளவு பேட்டா என்று கையில் வாங்குகிறார்கள். எண்ணூர் துறைமுகத்திலும் கண்டெய்னர் யார்டுகளிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலருக்கும் இதே நிலைதான். சேர்ந்திருந்த நாட்களில் கணவர் போனில் அனுப்பிய பணத்தின் விவரம், வண்டிக்கடன் தவணை போன வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது ஆகியவற்றைச் சகோதரி ஒரு ஊறுகாய் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அந்த டப்பாதான் வழக்கைத் தாங்கியது. நிகாஹ் தஃப்தரின் நகல், நகை வாங்கிய பில், சீர் சாமான் பட்டியல் இவற்றையும் எடுத்து வையுங்கள். மூலப் பத்திரத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், வக்கீலுக்கும் ஜெராக்ஸ் போதும். நீதிமன்றம் கேட்கும்போது மூலத்தைக் காட்டலாம்.

இப்போது நம் தவறின் முழு விலையைச் சொல்கிறோம். குலா என்றால் பெண் மஹரை விட்டுக்கொடுப்பது வழக்கம். நாம் அனுப்பிய இடத்தில் அவரிடம் மூன்று பவுன் மஹரும் வேண்டாம், இனி எந்தச் செலவுத் தொகையும் கேட்க மாட்டேன் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். மஹர் அதுவரை கொடுக்கப்படவே இல்லை. பத்திரத்தைப் படித்த வக்கீல் அம்மா நம்மைப் பார்த்து, "எதுக்கு சார் குலா கேட்கச் சொன்னீங்க?" என்றார். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டப்படி, இரண்டு வருடம் பராமரிக்காமல் விட்ட கணவனிடமிருந்து மனைவி நீதிமன்றம் மூலம் விலகிக்கொள்ளலாம். கொடுமையும் அதில் ஒரு காரணம். அப்படி விலகினால் அவருடைய மஹர் உரிமை போகாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆலிம்களின் ஆலோசனையைக் கேட்டு உருவான சட்டம் அது. மத்ரஸாவில் ஓதி, கல்லூரியிலும் படித்த நமக்கு அந்த நேரத்தில் இது தோன்றவில்லை. செல்லாத அந்தப் பத்திரத்தையே காட்டி, எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தவர்தானே இவர் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது.

வக்கீல் புது மனு போட்டார். 1939 சட்டப்படி விலகல் ஒன்று, ஜீவனாம்சம் ஒன்று. பழைய 125வது பிரிவு 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144வது பிரிவாகிவிட்டது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இந்த வழியில் கேட்கலாம் என்று 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. ஷா பானு தீர்ப்பு வந்த 1985லிருந்து இழுத்துக்கொண்டிருந்த கேள்வி அது.

வக்காலத்தில் பெயர், வழக்கு விவரம் நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் வேண்டாம். பணம் கொடுத்து வக்கீல் வைத்தால் மொத்தக் கட்டணம் எவ்வளவு, எது எதற்கு என்று முதலிலேயே கேட்டு ரசீது வாங்குங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கிடைக்கிற தொகையில் பங்கு என்று பேசுவதை வழக்கறிஞர் நடத்தை விதிகள் அனுமதிப்பதில்லை. வக்கீலை மாற்றிக்கொள்ளும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கட்டணப் பாக்கியைக் காட்டி கேஸ் கட்டைப் பிடித்து வைக்க முடியாது என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஒரு வாய்தா தள்ளிப்போனதற்காக மாற்றாதீர்கள். வாய்தா தள்ளுவது பெரும்பாலும் வக்கீல் கையில் இல்லை. சமரசக் கவுன்சலிங்கில் உங்களுக்காக வக்கீல் பேச மாட்டார், நீங்களேதான் பேச வேண்டும். அதற்கு முந்தைய நாளே என்ன பேசுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஒவ்வொரு வாய்தாவையும் சகோதரி பிள்ளையின் பழைய ரஃப் நோட்டில் எழுதி வைக்கிறார். தேதி, என்ன நடந்தது, அடுத்து என்ன கொண்டு வர வேண்டும். வக்கீலின் குமாஸ்தாவே ஒருமுறை தேதி மறந்து இவரிடம் கேட்டாராம்.

இடைக்கால ஜீவனாம்சம் உத்தரவாகியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். முதல் இரண்டு மாதம் பணம் வந்தது, மூன்றாவது மாதம் வரவில்லை. நிறைவேற்றக் கோரி மனு போட்டிருக்கிறார்கள். மஹர் விஷயமும் விலகல் மனுவும் நடந்துகொண்டிருக்கின்றன.

நம் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தோம். இதுபோலக் குலா பத்திரத்துக்கு நாம் அனுப்பி வைத்தவர்கள் இவரையும் சேர்த்து ஆறு பேர். மூன்று பேரிடம் நேரில் போய்ப் பேசி, வக்கீலிடமும் அழைத்துப் போயிருக்கிறோம். இரண்டு பேர் வீடு மாறிவிட்டார்கள். ஒருவர் காசிமேடு பக்கமும் ஒருவர் எர்ணாவூர் பக்கமும் இருப்பதாகத் தகவல். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அவர்களைத் தெரிந்திருக்கலாம். நம்மிடம் பெற்ற பத்திரம் வீட்டில் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு, எந்த ஞாயிறும் அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள். வர முடியாவிட்டால் சொல்லி அனுப்பினால் போதும், நாமே வருகிறோம்.